பனிக்காலத்தில் வீட்டுக்குள் கறிவேப்பிலை: தண்ணீரை எந்த வழியில் கொடுப்பது?

டொரொண்டோ பக்கம் கறிவேப்பிலை வளர்க்கிற யாரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட ஒரே கதைதான் சொல்வார்கள். வசந்தத்தில் தமிழ்க் கடையில் ஒரு கன்று வாங்கினோம், கோடை முழுக்க பால்கனியில் தளதளவென்று நின்றது, அக்டோபரில் உள்ளே எடுத்து வைத்தோம், தை பிறப்பதற்குள் இலையெல்லாம் கொட்டிப்போய் குச்சி மட்டும் மிச்சம். "குளிர் தாங்கவில்லை" என்று முடிப்பார்கள். ஆனால் வீட்டுக்குள் 20, 21 டிகிரி இருக்கிறது. அந்தக் குளிருக்கெல்லாம் கறிவேப்பிலை சாகாது. முதல் பனிக்காலத்தில் அதைப் பெரும்பாலும் சாகடிப்பது நாம் ஊற்றுகிற தண்ணீர்.

அதனால்தான் தண்ணீர் கொடுக்கும் வழியைப் பற்றித் தனியாகவே பேச வேண்டியிருக்கிறது. மேலிருந்து கையால் ஊற்றலாம். தட்டில் தண்ணீர் விட்டு அடியிலிருந்து உறிஞ்ச வைக்கலாம். தானாக நீர் எடுத்துக்கொள்ளும் தொட்டி, அதாவது அடியில் தண்ணீர் அறையும் திரியும் உள்ள தொட்டி வாங்கலாம். டைமர் வைத்த சொட்டு நீர்க் குழாய் போடலாம். நாலுமே வேலை செய்கிற வழிகள்தான். கேள்வி, நவம்பரிலிருந்து மார்ச் வரை கறிவேப்பிலைக்கு எது பொருந்தும் என்பது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த அஞ்சு மாதமும் கையால், மேலிருந்து, தொட்டியின் கனத்தைப் பார்த்து ஊற்றுவதுதான் சரி. மற்ற மூன்றுக்கும் இடம் உண்டு, ஆனால் வேறு செடிக்கு அல்லது வேறு பருவத்துக்கு.

ஏன் என்று புரிய, உள்ளே வந்த செடிக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். ஜூனில் டொரொண்டோவில் பகல் 15 மணி நேரத்துக்கு மேல். டிசம்பரில் 9 மணி நேரம்தான், அதிலும் பாதி நாள் மேகம், மீதியைச் சன்னல் கண்ணாடி குறைத்துவிடும். வெளிச்சம் குறைந்தால் செடி வளர்வதை நிறுத்தும், வளர்ச்சி நின்றால் தண்ணீர் குடிப்பதும் குறைந்துவிடும். ஆகஸ்ட் வெயிலில் ஒரே நாளில் காய்ந்துபோன அதே தொட்டி ஜனவரியில் இரண்டு வாரம் ஆனாலும் ஈரமாக இருக்கலாம். இந்த நேரத்தில் கொஞ்சம் இலை மஞ்சளாகி உதிர்வதும் இயல்புதான். செடி ஓய்வுக்குப் போகிறது. அதைப் பார்த்து மனசு கேட்காமல் இன்னொரு செம்பு ஊற்றுகிறோம் பாருங்கள், அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு காற்றும் முக்கியம். மண் துகள்களுக்கு இடையில் இருக்கும் இடைவெளியில் நீர் நிரம்பியே இருந்தால் வேருக்கு மூச்சு முட்டும். பிறகு அழுகல் பூஞ்சை வரும். வேர் அழுகிய செடியால் தண்ணீரை மேலே ஏற்ற முடியாது, அதனால் ஈர மண்ணில் நின்றுகொண்டே இலை தொங்கும். காய்ந்துபோன செடிக்கும் இலை தொங்கும். மேலே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

வித்தியாசம் கீழே இருக்கிறது. சந்தேகம் வந்தால் செடியைத் தொட்டியோடு சாய்த்து, மண் கட்டியை மெதுவாக வெளியே இழுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ, இழுத்தால் விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பு நிறத்தில் இருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரிக் கழன்று கையோடு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் தொங்கும். தேங்கிய குட்டையின் வாடையும் வரும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. இந்த நிலையில் எந்த உரமும் உதவாது. அழுகியதை வெட்டி எடுத்து, புது மண்ணில் முன்பைவிடச் சின்னத் தொட்டிக்கு மாற்றுவதுதான் ஒரே வழி.

இன்னொரு விஷயம். எந்தத் தொட்டியிலும் தண்ணீர் வடிந்து முடிந்த பிறகு அடியில் ஒரு பட்டை ஈரம் வடியாமல் நிற்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்து நட்டுக்குத்தலாகப் பிடித்தால் மேல் பாதி வடிந்துவிடும், கீழ் ஓரம் சொதசொதவென்றே இருக்கும், அதேதான் இங்கேயும். அடியில் கூழாங்கல் போட்டால் வடியும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கல் போட்டால் அந்த ஈரப்பட்டை கல்லுக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும். கல்லை விட்டுவிட்டு, கடையில் வாங்கும் தொட்டி மண் இரண்டு பங்குக்குப் பெர்லைட் (எரிமலைக் கல்லைச் சூடாக்கிப் பொரித்த, எடையில்லாத வெள்ளைத் துகள்) ஒரு பங்கு கலந்தால் மண் முழுக்கவே காற்று இடைவெளி கூடும். கீழே சொல்லப்போகிற எந்த வழியை எடுத்தாலும் இந்த மண் கலவை முதலில் சரியாக இருக்க வேண்டும்.

கையால், மேலிருந்து

இதன் பெரிய பலம், தண்ணீர் எப்போது போக வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். பலவீனமும் அதேதான், ஏனென்றால் முடிவைப் பெரும்பாலானவர்கள் காலண்டரிடம் விட்டுவிடுகிறார்கள். "ஞாயிற்றுக்கிழமை எல்லாச் செடிக்கும் தண்ணீர்" என்ற பழக்கம் கோடைக்குச் சரியாக வரலாம். ஜனவரியில் அது வேரை அழுக வைக்கும் அட்டவணை.

காலண்டருக்குப் பதில் எதைப் பார்ப்பது? விரலை வைத்துப் பார்ப்பது பழைய வழி. சின்னத் தொட்டிக்குப் போதும், பெரிய தொட்டிக்குப் போதாது. மேல் இரண்டு அங்குலம் ஹீட்டர் காற்றில் காய்ந்து தூளாகிவிடும், அடியில் முழு ஈரம் இருக்கும். மரக் குச்சி ஒன்றை ஆழமாகச் செருகி எடுத்துப் பார்ப்பது அதைவிட நல்லது. கடையில் விற்கிற மலிவான ஈரம் அளக்கும் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது உண்மையில் அளப்பது மண்ணின் மின்கடத்தலை. உரத்தின் உப்பு சேர்ந்த மண்ணில் ஈரம் கூட என்று காட்டும். பெர்லைட் அதிகமுள்ள பொலபொலப்பான மண்ணில் முள் மண்ணோடு சரியாக ஒட்டாமல் காய்ந்திருக்கிறது என்று காட்டும். கறிவேப்பிலைக்கு நாம் கலக்கிற மண் அந்த இரண்டாவது ரகம் என்பதால், கருவியை நம்பி ஊற்றினால் தேவைக்கு மேல்தான் போகும்.

கனம் பொய் சொல்லாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் தொட்டியை நன்றாக நனைத்து, அரை மணி நேரம் வடியவிட்டு, தராசில் வையுங்கள். உதாரணத்துக்கு 3.8 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் தண்ணீர் ஊற்றாமல் விட்டு, மண் முக்கால்வாசி காய்ந்து குச்சியில் ஈரம் ஒட்டாத நாளில் மறுபடி நிறுங்கள். 2.8 வருகிறது என்றால் உங்கள் செடியின் இரண்டு எண்களும் கிடைத்துவிட்டன. 2.8 பக்கம் வரும்வரை சொம்பைத் தொட வேண்டாம். இலை நாலு கொட்டினாலும் தொட வேண்டாம். கொஞ்ச நாளில் தராசே தேவைப்படாது. ஒரு கையால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாலே தெரிந்துவிடும். பெரிய தொட்டி என்றால் முழுக்கத் தூக்காமல், ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தால் போதும்.

ஊற்றுகிற அன்று தயங்காமல் ஊற்ற வேண்டும். அரைக் கப், அரைக் கப்பாகக் கொடுப்பது செடிமேல் உள்ள பாசத்தில் செய்கிற தப்பு. மேல் மண் மட்டும் நனையும், அடி வேர் காயும், உப்பு ஓரிடத்தில் சேரும். அடி ஓட்டையிலிருந்து தண்ணீர் ஓடி வரும் வரை, ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்கு வெளியே வரும்வரை ஊற்றுங்கள். பிறகு தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். அழகுக்காகத் தொட்டிக்குள் தொட்டி வைத்திருப்பவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். வெளித் தொட்டிக்கு ஓட்டை கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரு மாமி வீட்டில் "மாதம் ரெண்டு தரம்தான் ஊத்துறன், ஏன் வாடுது" என்று கேட்டார். உள் தொட்டியைத் தூக்கினால் வெளித் தொட்டியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர். எல்லாத் தரம் ஊற்றியதும் அங்கேயே நின்றிருக்கிறது.

அடியிலிருந்து

தட்டில் தண்ணீர் விட்டு, தொட்டியை அதில் அரை மணி நேரம் வைத்து, மண் தானாக உறிஞ்சியதும் எடுத்துவிடுவது. இதற்கு இரண்டு நல்ல குணங்கள். பீட், அதாவது சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி, கலந்த மண் ஒருமுறை சுத்தமாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. மேலே ஊற்றுவது மண்ணுக்கும் தொட்டிக்கும் இடையில் உள்ள விரிசல் வழியாக நேராக ஓடி வெளியே வந்துவிடும். நாம் ஊற்றியாகிவிட்டது என்று நினைப்போம், உள்ளே மண் கட்டி காய்ந்தே இருக்கும். அப்போது தட்டில் ஊற வைப்பதுதான் வைத்தியம். இரண்டாவது, மேல் மண் ஓரளவு காய்ந்தே இருப்பதால் அந்தச் சின்னக் கறுப்புப் பூச்சித் தொல்லை குறையும். சன்னலோரம் முகத்துக்கு முன்னால் பறக்குமே, அதுதான். அவை முட்டையிடுவது ஈரமான மேல் மண்ணில். மேல் மண் காய்ந்தால் புழு பிழைக்காது. கூடவே மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்று குத்தி வைத்தால் பறக்கிறவையும் சிக்கும்.

குறை, உப்பு. தண்ணீர் கீழிருந்து மேலே மட்டும் போகிறது, மேலே ஆவியாகிறது, கரைந்த உப்பு மண்ணின் மேல் வெள்ளைப் படிவாக நிற்கிறது. அதனால் இதையே நிரந்தர வழியாக வைத்துக்கொண்டால் மாதம் ஒருமுறையாவது மேலிருந்து தாராளமாக ஊற்றிக் கழுவ வேண்டும். எடுக்க மறந்து ராத்திரி முழுக்கத் தட்டிலேயே விட்டுவிடுகிற ஆபத்தும் இருக்கிறது. விதையிலிருந்து முளைக்கவைத்த சின்னக் கன்றுகளுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன். வளர்ந்த செடிக்கு எப்போதாவது.

தானாகக் குடிக்கும் தொட்டி

முதல் தடவை வளர்ப்பவர்களை அதிகமாக இழுப்பது இதுதான். வேலைக்குப் போய் வருகிறவர்கள், மறதி உள்ளவர்கள், "ஒரு தரம் நிரப்பினால் மூன்று வாரம் கவலை இல்லை" என்ற அட்டைப்பெட்டி வாசகத்தைப் பார்த்ததும் வாங்கிவிடுகிறார்கள். பொய்யில்லை, அது சொன்னபடிதான் வேலை செய்கிறது. அடி அறையில் இருக்கும் தண்ணீரைத் திரியோ, அறைக்குள் கால் மாதிரி இறங்கி நிற்கும் மண்ணோ மேலே இழுத்து, மண்ணை எப்போதும் ஒரே ஈரத்தில் வைத்திருக்கும்.

அந்த "எப்போதும்" என்பதில்தான் சிக்கல். ஓய்வில் இருக்கும் கறிவேப்பிலைக்கு வேண்டியது நனைந்து, காய்ந்து, மறுபடி நனைகிற சுற்று. காயும்போதுதான் மண்ணுக்குள் காற்று போகிறது. திரி அந்தக் காயும் கட்டத்தையே இல்லாமல் செய்துவிடுகிறது. செடி குடிக்கவில்லை என்பது திரிக்குத் தெரியாது.

ஆனால் அதே தொட்டியில் புதினாவை வையுங்கள், வல்லாரையை வையுங்கள், பிய்த்துக்கொண்டு வளரும். இரண்டும் ஈரத்தில் வாழப் பழகிய செடிகள், செடி வளர்க்கிற விளக்கு ஒன்று இருந்தால் பனிக்காலத்திலும் ஓயாமல் குடிக்கும். ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் தூக்கிப் போட வேண்டாம், செடியை மாற்றுங்கள். அல்லது பனிக்காலத்தில் தண்ணீர் அறையைக் காலியாகவே விட்டு, வடிகால் அடைப்பைத் திறந்துவைத்து, சாதாரணத் தொட்டியாகப் பயன்படுத்துங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. பேஸ்மென்ட்டில் வலுவான விளக்கின் கீழே, நாளுக்கு 14 மணி நேரம் வெளிச்சம் கொடுத்து, கறிவேப்பிலையை ஓய்வுக்கே போகவிடாமல் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். மாதா மாதம் புதுக் கொழுந்து வருகிற செடி தண்ணீரை உறிஞ்சித் தள்ளும். அங்கே பெர்லைட்டைக் கூட்டி வைத்தால் இந்தத் தொட்டி சரியாகவே வரும்.

டைமர் வைத்த சொட்டு நீர்க் குழாய்க்கு இரண்டு வரி போதும். பத்து, பதினைந்து தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அது. ஒரு கறிவேப்பிலைக்கு அதை வாங்குவது வீண் செலவு, அதுவும் காலண்டரைப் பார்த்து ஊற்றுவதன் இயந்திர வடிவம்தான். கண்ணாடிக் குமிழில் தண்ணீர் நிரப்பி மண்ணில் கவிழ்க்கிறார்களே, மண் இறுக்கமாக இருந்தால் அது இறங்காது, இளக்கமாக இருந்தால் ஒரே நாளில் கொட்டிவிடும். அழகுக்கு வைக்கலாம்.

தொட்டியும் தண்ணீரும்

வழியைத் தேர்ந்தெடுத்தாலும் தொட்டி அதை மாற்றிவிடும். மண் தொட்டியின் சுவர் வழியாகவே ஈரம் ஆவியாகும், பிளாஸ்டிக்கில் ஆகாது. ஓயாமல் ஊற்றத் துடிக்கும் கை என்றால் மண் தொட்டி உங்களைக் காப்பாற்றும். மறதிக்காரர் என்றால் பிளாஸ்டிக். அளவுதான் இன்னும் முக்கியம். "பெரிசா வைச்சா பெரிசா வளரும்" என்று சின்னக் கன்றைப் பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும். வேர்க் கட்டியைவிட இரண்டு, மூன்று விரல் அகலம் கூடிய தொட்டி போதும். தொட்டி மாற்றுகிற வேலையை இலையுதிர் காலத்தில் செய்யாமல் மே மாதத்துக்கு வையுங்கள்.

தண்ணீரில் மூன்று விஷயம். முதலாவது சூடு. பனிக்காலத்தில் குழாயைத் திறந்தால் கை மரத்துப்போகிற தண்ணீர் வருகிறது. டொரொண்டோக் குழாயில் வருவது ஒண்டாரியோ ஏரித் தண்ணீர். அந்த ஏரியில் 83 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கும் நீர் ஆண்டு முழுக்க 4 டிகிரி என்பதால்தான் 2004 முதல் டொரொண்டோ நகர மையக் கட்டடங்களைக் கோடையில் குளிர்விக்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள். அவ்வளவு குளிர்ந்த நீரை வெப்ப நாட்டுச் செடியின் வேரில் நேரடியாக ஊற்றக் கூடாது. முதல் நாள் ராத்திரி வாளியில் பிடித்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். குளோரின் போகட்டும் என்று வைப்பவர்களும் உண்டு. டொரொண்டோ குடிநீரில் இருப்பது குளோரமைன், அது ராத்திரியில் பறந்துபோகாது, ஆனால் அந்த அளவுக்குத் தொட்டிச் செடிக்கு ஒன்றும் ஆவதும் இல்லை. வைப்பது சூட்டுக்காக.

இரண்டாவது, காரத்தன்மை. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, லேசான புளிப்பு மண்ணைத்தான் அதுவும் விரும்பும். ஏரித் தண்ணீர் ஓரளவு சுண்ணாம்பு உள்ளது. கிச்சனர், வாட்டர்லூ, குவெல்ஃப் பக்கம் பெரும்பாலும் நிலத்தடி நீர் என்பதால் இன்னும் கடினம். மாதக்கணக்கில் அதையே ஊற்றினால் மண் காரமாகி, இரும்பை வேரால் எடுக்க முடியாமல் போகும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புக் குறை. சொதசொதப்பான குளிர்ந்த மண்ணிலும் இதே அடையாளம் வரும், அதனால் இரும்புச் சத்து வாங்க ஓடுவதற்கு முன்னால் தொட்டியைத் தூக்கிக் கனத்தைப் பாருங்கள். கடின நீர் ஊர்களில் வீட்டில் மென்னீராக்கும் கருவி இருந்தால் அதில் வரும் தண்ணீர் செடிக்கு ஆகாது, அதில் சுண்ணாம்புக்குப் பதில் சோடியம் இருக்கும். சமையலறையில் அந்தக் கருவிக்குள் போகாமல் நேராக வரும் தனிக் குழாய் இருந்தால் அதில் பிடியுங்கள். இல்லாவிட்டால் பனியை உருக்குங்கள். செலவில்லாத மென்னீர் அதுதான். சாலை உப்பு படாத பின்வளவில், புதிதாக விழுந்ததை அள்ளுங்கள். வாளி நிறைய அள்ளினாலும் உருகிய பின் பத்தில் ஒரு பங்குதான் தேறும் என்பதால் இரண்டு, மூன்று வாளி வேண்டியிருக்கும்.

மூன்றாவது, புளித்த மோர். ஊரில் கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றாத வீடு இல்லை. தோட்டத்து மண்ணில், வெயிலில், புழு பூச்சி எல்லாம் சேர்ந்து அதைச் செரித்துவிடும். வீட்டுக்குள் தொட்டியில் ஊற்றினால் மேல் மண்ணில் பூஞ்சை படரும், வாடை வரும், அந்தக் கறுப்புப் பூச்சி குடும்பத்தோடு குடியேறும். அரிசி கழுவிய தண்ணீரும் அப்படியே. அம்மாவோ மாமியாரோ ஊரிலிருந்து போனில் சொன்னால் "சரி" என்று கேட்டுக்கொண்டு, ஜூனில் செடி பால்கனிக்குப் போன பிறகு ஊற்றுங்கள்.

ஊருக்குப் போகும்போது

டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போகிறவர்கள்தான் இந்தத் தேர்வில் அதிகம் குழம்புகிறார்கள். 25 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட தொட்டி என்றால் ஒன்றுமே செய்ய வேண்டாம். போவதற்கு முதல் நாள் முழுக்க நனைத்து, வடியவிட்டு, ஹீட்டர் காற்று நேராகப் படாத இடத்துக்கு நகர்த்திவிட்டுப் போங்கள். வெப்பநிலையை 17க்குக் கீழே இறக்காதீர்கள், ஏனென்றால் குளிரும் ஈரமும் சேர்வதுதான் அழுகலுக்கு வழி. சின்னத் தொட்டி மூன்று வாரம் தாங்காது. அதற்கு மட்டும் திரி போடலாம். ஒரு வாளித் தண்ணீரிலிருந்து செயற்கை இழைக் கயிறு ஒன்றை மண்ணுக்குள் விடுங்கள், பருத்தி என்றால் நாளடைவில் மக்கிவிடும். போகிற அன்று போடாமல் ஒரு வாரம் முன்னால் போட்டு, எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதிகமாக இழுத்தால் கயிறை மெல்லியதாக்கினால் போதும். திரும்பி வந்ததும் கயிறை உருவிவிடுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து "செடியைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போவது மிக ஆபத்தான வழி. பாசக்காரர்கள் வந்த ஒவ்வொரு தரமும் ஊற்றிவிடுவார்கள். தொட்டியில் ஒரு காகிதம் ஒட்டி, அதில் உங்கள் செடியின் கீழ் எண்ணை எழுதி, தராசையும் பக்கத்தில் வைத்துவிடுங்கள். 2.8க்குக் கீழே இறங்கினால் மட்டும் ஒரு சொம்பு.